பயப்பட வேண்டியது எந்த மாத்திரைக்கு? பார்கின்சனின் முதல் மருந்துச்சீட்டு

பார்கின்சன் என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன அன்றே வீட்டுக்கு ஆலோசனைகளும் வந்து சேர்ந்துவிடும். அதில் தவறாமல் ஒன்று இருக்கும்: “அந்த மாத்திரைய இப்பவே ஆரம்பிக்காதீங்க. அஞ்சு வருஷம்தான் வேலை செய்யும். அப்புறம் கைகால் தானா ஆட ஆரம்பிச்சிடும்.” சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஒரு காலத்தில் மருத்துவர்களே நோயாளிகளிடம் இதைச் சொன்னார்கள். இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் போட முடியாமல், கையெழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்கி, படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாத நிலையிலும் மருந்துச்சீட்டை மடித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

அந்த மாத்திரை, லெவோடோபா. நம் மருந்துக்கடைகளில் சிண்டோபா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதைப் பற்றிய இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நிஜம், அந்தப் பயத்தால் அதற்குப் பதிலாக எழுதப்படும் மருந்துகள் என்ன செய்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு. என்னைக் கேட்டால், நாம் பயப்படுகிறோம், சரிதான். ஆனால் தப்பான மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

நோயின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளையின் அடிப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. நாம் யோசிக்காமலே கை வீசி நடப்பதற்கும், சரளமாக எழுதுவதற்கும் அந்த டோபமைன் வேண்டும். பார்கின்சனில் இந்த அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. முதல் நடுக்கம் கண்ணில் படும்போதே ஏறக்குறைய பாதி அணுக்கள் போயிருக்கும். குறைவதை வெளியிலிருந்து கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் டோபமைனை மாத்திரையாகக் கொடுத்துப் பயனில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய அதற்கு வழி கிடையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபாவுக்கு வழி உண்டு. அது ஒரு அமினோ அமிலம். மற்ற அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுபோகும் அதே கடத்தியில் ஏறி மூளைக்குள் போய், அங்கே டோபமைனாக மாறுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் பக்கத்து வேர் ஒன்று இருக்கிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்பட்ட ரெசர்பின், ரத்தக் கொதிப்புக்கு இந்தியாவிலிருந்து உலகுக்குப் போன மருந்து. அதைக் கொடுத்தால் விலங்குகள் அசையாமல் உறைந்துபோவதைப் பார்த்த சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், 1957இல் அப்படி உறைந்த முயல்களுக்கு டோபா ஊசி போட்டார். சற்று நேரத்தில் அவை காதை நிமிர்த்திக்கொண்டு நடமாடின. பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிக் கிடப்பதை 1960இல் வியன்னாவில் ஹொர்னிகீவிச் குழு காட்டியது. 1967இல் நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நாளொன்றுக்குப் பல கிராம் வரை ஏற்றி வாய்வழியாகக் கொடுத்தபோதுதான் இது மருந்து என்று உலகம் நம்பியது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல கிராம் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று தொடக்க நிலையில் பலருக்கும் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமே போதுமானதாக இருக்கிறது. ஏன் அன்று அவ்வளவு தேவைப்பட்டது? விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே குடலிலும் ரத்தத்திலும் டோபமைனாக மாறிவிடும். மாறியது மூளைக்குள் போகாது. ஆனால் மூளையின் வாந்தி மையம் ரத்தத்துக்குத் திறந்த இடத்தில் இருப்பதால் அதைத் தூண்டிவிடும். 1913இல் பாசல் நகரில் அவரைக்காய் இனத்து விதையிலிருந்து இந்தப் பொருளை அடையாளம் கண்ட மார்கஸ் குகன்ஹைம், இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார். கடுமையான வாந்தி. பிற்பாடு உலகை மாற்றப்போகும் மருந்துக்கு முதலில் பதிவான மனித அனுபவம் அதுதான்.

அந்த வாந்தியைத் தடுக்கத்தான் மாத்திரைக்குள் இரண்டாவது மருந்தாகக் கார்பிடோபா இருக்கிறது. அது மூளைக்குள் போகாது. வெளியே நடக்கும் மாற்றத்தை மட்டும் தடுத்து, லெவோடோபாவைப் பத்திரமாக மூளைவரை அனுப்பிவைக்கிறது. சில இடங்களில் கார்பிடோபாவுக்குப் பதில் பென்சரசைடு இருக்கும், வேலை ஒன்றுதான்.

இங்கே மருந்து அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். சிண்டோபா 110 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 மில்லிகிராம் கார்பிடோபா. சிண்டோபா பிளஸ் என்றால் அதே 100, கூடவே 25. 275 என்றால் 250, 25. உடல் முழுக்க அந்த மாற்றத்தைத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. பிளஸ் மூன்று வேளை என்றால் 75 கிடைத்துவிடுகிறது. 110 மூன்று வேளை என்றால் கிடைப்பது 30 மட்டும். லெவோடோபா அளவு ஒன்றாகவே இருந்தும் ஒருவருக்குக் குமட்டல் புரட்டி எடுக்கிறது, இன்னொருவருக்கு ஒன்றும் இல்லை என்றால், காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கலாம். ‘எனக்கு இந்த மருந்து ஒத்துக்கல’ என்று நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மருந்துக்கடையில் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கி வரக் கூடாததும் இதனால்தான்.

குமட்டலைத் தவிரத் தொடக்கத்தில் வரக்கூடியவை: உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுப்பு, பகலில் தூக்கம், நிஜம்போலக் கனவுகள். வயதானவர்களில் சிலருக்கு இல்லாத ஆள் இருப்பதுபோலத் தெரிவதும் உண்டு. சிறுநீரோ வியர்வையோ கருத்துத் தெரியலாம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. கிறுகிறுப்பைத்தான் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்கின்சன் நோயே நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும் தன்மை கொண்டது. அதோடு பழைய பிரஷர் மாத்திரையும், புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினும் அப்படியே தொடர்ந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த இடத்திலேயே விழ வேண்டியதுதான். புதிதாக லெவோடோபா சேரும்போது பிரஷர் மாத்திரையின் அளவையும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அரை மாத்திரையில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவது இதற்கெல்லாம் உடம்பு பழகத்தான். குமட்டல் வருபவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். பருப்பு, முட்டை, இறைச்சிப் புரதம் அதே கடத்தியில் இடம் பிடித்துக்கொண்டு மருந்தைத் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான், ஆனால் தொடக்க நிலையில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. முதல் நாளிலிருந்தே பருப்பை நிறுத்திவிட்டு எடை குறைவது தேவையில்லாத வேலை. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் இதோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த ‘அஞ்சு வருஷம்’ கதைக்கு வருவோம்.

சில வருடங்கள் போனபின் இரண்டு விஷயங்கள் நடப்பது உண்மை. ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துபோகிறது. பலன் உச்சத்தில் இருக்கும்போது கழுத்தோ கையோ நெளிந்து நெளிந்து ஆடுகிறது. இதை டிஸ்கைனீசியா என்பார்கள். இது நடுக்கம் இல்லை, மருந்தால் வரும் மிகை அசைவு. லெவோடோபா ரத்தத்தில் இருக்கும் நேரம் மிகக் குறைவு, ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அப்படியிருந்தும் ஆரம்ப வருடங்களில் மூன்று வேளை போட்டாலே நாள் முழுக்கச் சீராக இருக்கக் காரணம், மிச்சமிருக்கும் அணுக்கள் டோபமைனைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான். மாடித் தொட்டி பெரிதாக இருக்கும் வீட்டில் காலையில் ஒருமுறை மோட்டார் போட்டால் போதும். தொட்டி சுருங்கச் சுருங்க, மோட்டார் ஓடும்போது மட்டும் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் பீறிட்டு வரும்.

தொட்டியைச் சுருக்குவது எது, மாத்திரையா நோயா? இங்கேதான் பல வருடம் சண்டை நடந்தது. சோதனைக் குடுவையில் வளர்த்த நரம்பணுக்கள் மீது லெவோடோபாவை ஊற்றியபோது அவை செத்தன. அதை வைத்து, மருந்தே மூளையை அரிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தது. தள்ளிப்போடும் பழக்கம் வேரூன்றியது அப்போதுதான். 2004இல் வெளியான எல்டோபா ஆய்வு அதை நேராகச் சோதித்தது. இதுவரை எந்த மருந்தும் எடுக்காத 361 பேருக்கு 40 வாரம் மூன்று வெவ்வேறு அளவுகளில் லெவோடோபா அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்து, பிறகு இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தார்கள். மருந்து நோயை மோசமாக்கியிருந்தால் மருந்து எடுத்தவர்கள் கீழே போயிருக்க வேண்டும். அவர்கள்தான் மேலான நிலையில் இருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 16.5 சதவீதம் பேருக்கு அந்த 40 வாரத்துக்குள்ளேயே மிகை அசைவு வந்தது. 150, 300 எடுத்தவர்களில் அது வெற்று மாத்திரைக் குழுவைவிடக் கூடவில்லை. அதாவது, எப்போது தொடங்குகிறோம் என்பதைவிட எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

2019இல் நெதர்லாந்தில் 445 பேரை வைத்து நடந்த லீப் ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பாதிக்கு 80 வாரமும் லெவோடோபா; மறுபாதிக்கு முதல் 40 வாரம் வெற்று மாத்திரை, அடுத்த 40 வாரம் லெவோடோபா. 80ஆவது வார முடிவில் இரு தரப்பும் ஒரே இடத்தில் இருந்தன. மிகை அசைவிலும் வித்தியாசம் இல்லை. முன்கூட்டித் தொடங்கியதால் நோய் மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. தள்ளிப்போட்டவர்களுக்குக் கிடைத்தது 40 வாரச் சிரமம் மட்டும்.

ஆனால் என் மனதில் நிற்பது கானா ஆய்வுதான். கானாவில் பலருக்கு மருந்து தாமதமாகத்தான் கிடைக்கிறது. வாங்க வசதியில்லை, மருத்துவரும் பக்கத்தில் இல்லை. அங்கே நோய் தொடங்கிச் சராசரியாக 4.2 வருடம் கழித்து லெவோடோபா தொடங்கியவர்களை, 2.4 வருடத்தில் தொடங்கிய இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014இல் எழுதினார்கள். ‘மருந்து தொடங்கியதிலிருந்து அஞ்சு வருஷம்’ என்பது சரியாக இருந்தால் கானாக்காரர்களுக்கு அந்தத் தொல்லைகள் தாமதமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோய் தொடங்கியதிலிருந்து எண்ணினால் இரு நாட்டினருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. கானாவில் மருந்து தொடங்கிய சில மாதங்களிலேயே சிலருக்கு வந்துவிட்டது. தொட்டியைச் சுருக்கியது நோய். மருந்து அந்தச் சுருக்கத்தை வெளியே காட்டியது, அவ்வளவுதான். எந்த ஆய்வாளரும் ஒழுக்கநெறிப்படி வடிவமைக்க முடியாத சோதனை இது. வறுமை அதை நடத்திக் காட்டிவிட்டது.

லெவோடோபாவைத் தள்ளிப்போட விரும்பியவர்கள் கையில் எடுத்தது டோபமைன் அகோனிஸ்ட் எனப்படும் மருந்துகளை: பிராமிபெக்சோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரொட்டிகோட்டின் பட்டை. இவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன் போய் உட்காரும் ஏற்பிகளில் தாங்களே போய் உட்காருகின்றன. நீண்ட நேரம் இரத்தத்தில் நிற்கும். மிகை அசைவு குறைவு என்பதும் உண்மை. 2000இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில் ரோபினிரோலில் தொடங்கியவர்களில் 20 சதவீதம் பேருக்கு அது வந்தது, லெவோடோபாவில் தொடங்கியவர்களில் 45 சதவீதம். இந்த எண்ணை வைத்துத்தான் பத்தாண்டுகளுக்கு மேல் அகோனிஸ்ட் முதலிடம் பிடித்திருந்தது.

அந்த லாபத்துக்காக நோயாளிகள் கொடுத்த விலை என்ன என்பதைப் பிரிட்டனின் பிடி மெட் ஆய்வு 2014இல் காட்டியது. 1,620 பேர். தொடக்க மருந்தாக லெவோடோபா, அகோனிஸ்ட், மூளையில் டோபமைன் சிதைவதைத் தடுக்கும் மாவோ-பி தடுப்பான் என்று மூன்று பிரிவு. பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் அகோனிஸ்ட் பிரிவில் 28 சதவீதம், மாவோ-பி பிரிவில் 23, லெவோடோபாவில் 2. எல்லோரும் பயந்த மாத்திரையை விட்டவர்கள்தான் மிகக் குறைவு. நடமாட்டத்திலும் லெவோடோபாக்காரர்கள் ஒரு படி மேலாகவே இருந்தார்கள்.

அகோனிஸ்ட் பக்கவிளைவுகளில் கால் வீக்கமும் குமட்டலும் கண்ணுக்குத் தெரியும், சொல்லிக்கொள்ளவும் முடியும். தூக்கம் அப்படியில்லை. 1999இல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பில், இம்மருந்து எடுத்த எட்டுப் பேர் வண்டி ஓட்டும்போதே சட்டென்று தூங்கி விபத்துக்குள்ளானது பதிவானது. கண் சொக்குகிறது என்ற முன்னறிவிப்புக்கூடச் சிலருக்கு இல்லை. ஸ்கூட்டரில் போய்வரும் ஒருவருக்கு இந்த மருந்து எழுதும்போது இதைச் சொல்லாமல் அனுப்புவது பெரிய குற்றம்.

அடுத்தது, யாரும் வாய் திறந்து சொல்லாதது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதுவரை சூதாட்டப் பக்கமே போகாதவர்களும், எப்போதாவது போனவர்களும் திடீரென்று பெருந்தொகைகளைத் தொலைக்கும் சூதாடிகளாகியிருந்தார்கள். 11 பேருமே அகோனிஸ்ட் எடுத்தவர்கள். அதில் 9 பேர் பிராமிபெக்சோல். 2010இல் 3,090 பேரிடம் நடந்த டொமினியன் ஆய்வில், அகோனிஸ்ட் எடுப்பவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஓர் அடக்க முடியாத பழக்கம் இருந்தது; எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். சூதாட்டம் மட்டும் இல்லை: தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, வயிறு நிறைந்தபின்னும் சாப்பிடுவது, கட்டுக்கடங்காத காம இச்சை.

ஏன் இப்படி? ஆரம்பகாலப் பார்கின்சனில் அசைவுக்கான பகுதியில்தான் டோபமைன் வற்றியிருக்கும். ஆசைக்கும் பரிசுக்கும் உரிய பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அகோனிஸ்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குறைவாக உள்ள இடத்துக்கு ஈடுகட்டும் அதே வேளையில், போதுமான அளவு இருக்கும் இடத்தில் வெள்ளம் வரவழைத்துவிடும். இந்த மருந்துகள் விரும்பிப் போய் ஒட்டும் டி3 என்ற ஏற்பி அந்த ஆசைப் பகுதியில்தான் நெருக்கமாக இருக்கிறது. ஆகவே இது ஒழுக்கக் கேடு இல்லை, மருந்தின் வேலை. ஆனால் வீட்டில் அது அப்படித் தெரியாது. ஓய்வூதியக் கணக்கு காலியாவதும், நள்ளிரவில் கைபேசியில் ரம்மி ஓடுவதும், எழுபது வயதில் மனைவியைத் தொந்தரவு செய்வதும் ‘வயசான காலத்துல புத்தி இப்படிப் போகுதே’ என்றுதான் பேசப்படும். மருத்துவர் அறையில் மகன், மருமகள் நிற்க, அப்பா இதைச் சொல்லப் போவதில்லை. மருத்துவர் கேட்க வேண்டும். தனியாகக் கேட்க வேண்டும். மனைவியிடமும் கேட்க வேண்டும். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். அதையும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை என்று போதை விடுவதைப் போன்ற அவஸ்தை சிலருக்கு வருகிறது.

இவ்வளவும் சொன்னதால் அகோனிஸ்ட் வேண்டாத மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பதுக்குக் கீழே நோய் வந்தவர்களுக்கு மிகை அசைவு சீக்கிரமும் கடுமையாகவும் வருகிறது. அவர்களுக்கு இதில் தொடங்குவது நியாயம்தான். அமெரிக்க நரம்பியல் கழகம் 2021இல் தந்த வழிகாட்டலில் அசைவுப் பிரச்சினைக்கு முதல் மருந்தாக லெவோடோபாவையே வைத்துவிட்டு, இளையவர்களுக்கு இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். மாவோ-பி தடுப்பான்கள் செலிஜிலின், ரசாஜிலின். லேசான அறிகுறிகளுக்குப் போதும், நாளுக்கு ஒரு வேளை என்பது வசதி. செலிஜிலினை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். டிரமடால் வலி மாத்திரையோடும், சில மனச்சோர்வு மருந்துகளோடும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்தோடும் இவற்றுக்கு ஒத்துவராது. நோயையே மெதுவாக்குமோ என்ற எதிர்பார்ப்பு நெடுநாள் இருந்தது. 2009இல் 1,176 பேரிடம் நடந்த அடாஜியோ ஆய்வில் 1 மில்லிகிராம் ரசாஜிலின் மெதுவாக்குவதுபோலக் காட்டியது, 2 மில்லிகிராம் காட்டவில்லை. அதிக அளவில் காணாமல் போகும் பலனை யார் நம்புவது? மிகை அசைவைக் குறைக்கத் தரப்படும் அமன்டடின் முதலில் ஃபுளூ காய்ச்சலுக்கு வந்தது; காலில் வலைப்பின்னல்போல ஊதா நிறம் படியலாம். பேசிடேன் என்ற பெயரில் கிடைக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்துக்குக் கேட்கும். மறதி, வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு தரும். எழுபதைத் தாண்டியவர் சீட்டில் அது இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

‘இயற்கையா ஏதாவது இல்லையா?’ என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது அது வேலை செய்தது, மாத்திரையைவிட வேகமாகவே. ஆனால் அதில் கார்பிடோபா கிடையாது. குகன்ஹைம் பட்ட பாடு நமக்கும் வரலாம். ஒரு ஸ்பூன் பொடியில் எத்தனை மில்லிகிராம் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். மாத்திரை எடுத்துக்கொண்டே மருத்துவருக்குத் தெரியாமல் இதையும் சாப்பிட்டால், அளவு கூடித் தலைசுற்றலும் மிகை அசைவும் வந்து, பழி மாத்திரை மேல் விழும்.

கடைசியாக, பார்கின்சன் பட்டியலிலேயே இல்லாத மாத்திரைகள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குப் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின்: இவை டோபமைனை அடைப்பவை, அல்லது அடைக்கும் தன்மை உள்ளவை. லெவோடோபாவால் குமட்டல் என்று போய் இவற்றில் ஒன்றை வாங்கி வந்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிய கதைதான். குமட்டலுக்கு டோம்பெரிடோன் எழுதுவார்கள், அது பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஈசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும்விட அதிகம் கண்ணில் படுவது லெவோசல்பிரைடு. அசிடிட்டி மருந்தான ரபிபிரசோல், பேன்டோபிரசோலுடன் ஒரே கேப்சூலில் சேர்த்து ‘கேஸ் மாத்திரை’யாக விற்கிறார்கள். ஒருமுறை எழுதிக் கொடுத்ததை அதே அட்டையைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஏராளம். இது நடுக்கம், விறைப்பு, மெதுநடை எல்லாவற்றையும் தானே உண்டாக்கும். பார்ப்பதற்கு அசல் பார்கின்சன் மாதிரியே இருக்கும். அதனால் முதல் முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும், கேஸ் மாத்திரை உட்பட. அதை நிறுத்தினால் பலருக்கு சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் அறிகுறிகள் விலகிவிடுகின்றன. விலகாமல் நிற்பவர்களுக்குத்தான் லெவோடோபா பற்றிய பேச்சே தொடங்க வேண்டும்.